சிவப்புத் தென்னைகளின் மேலே

இன்று திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். வீட்டுக் குழாய் ஒன்று ஒழுகுகிறது, அதற்கு ஒரு வாஷர் வேண்டியிருந்தது. உன் கடை இருந்த வரிசையில், இரண்டு கடை தள்ளி, ஒருவர் மேசை இழுப்பறைக்கு மாட்டும் சேனலைக் கையில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே குண்டுகள் உருளும் சத்தம், கடைசியில் போய் முட்டி நிற்கும் சத்தம், கூடவே அந்தப் பழுப்பு கிரீஸின் வாடை. கடைக்காரர், "சேட்டா, எந்தா வேண்டது?" என்று இரண்டாம் தடவை கேட்டபோதுதான் நான் அங்கே வெறுமனே நின்றுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

உன் விமானத்தின் கைப்பிடி அப்படி ஒரு சேனலில்தான் ஓடியது. விமானம் என்றால் கரமனையில் உன் வீட்டு மாடியறையில், கம்ப்யூட்டர் திரைக்குள் பறந்த விமானம். இரண்டு சேனல், ஒரு பிவிசி குழாய், இரும்புக் கேட்டுக்குப் போடும் ஸ்பிரிங், கதவுக் கீல்களில் ஆடும் இரண்டு கால்கட்டைகள். கடையில் எது விலைபோகாமல் கிடந்ததோ அதெல்லாம் உன் காக்பிட்டில் சேர்ந்தது. யாராவது கேட்டால், "இது ஸ்டாக் கிளியரன்ஸ் ஆக்கும்" என்று முகம் மாறாமல் சொல்வாய்.

நீ போன பிறகு நான் அழவில்லை. இதை உன்னிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அழுகையை அடக்கவில்லை, அடக்குவதற்கு ஒன்றும் வரவில்லை. உன்னைக் கொண்டுபோன அன்று நாகர்கோவில் சொந்தங்களுக்குப் போன் போட்டுச் சொன்னது நான், பந்தலுக்கு ஆள் பிடித்தது நான், வந்தவர்களுக்குக் காப்பி போதுமா என்று பார்த்ததும் நான். "கல்லு மாதிரி நின்னு எல்லாத்தையும் நடத்துனான்" என்று உன் சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். கல் என்று அவர்கள் சொன்னது புகழ்ச்சிக்கு. எனக்கு அது வெறும் தகவலாகப் பட்டது. அதற்குப் பிறகு மழைக்காலங்கள் வந்து போய்விட்டன. நான் வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், குழாய்க்கு வாஷர் வாங்குகிறேன்.

நம் இருவருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரே பைத்தியம். வகுப்பறைக்கு மேலே விமானம் இறங்கும் சத்தம் கேட்டால் வாத்தியார் பாடத்தை நிறுத்தி நம்மைத்தான் முறைப்பார். எனக்கு அந்த ஆசை ஒரு வேலையாக முடிந்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பயிற்சிப் பள்ளியில், விமானிகள் தரையிலேயே உட்கார்ந்து பழகும் சிமுலேட்டரைப் பராமரிக்கும் வேலை. உனக்கு அது ஒரு வண்ணப் புத்தகத்தில் முடிந்தது. விமானிக்கான கண் பரிசோதனையில் டாக்டர் புள்ளி புள்ளியாக ஒரு படத்தைக் காட்டி, இதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டிருக்கிறார். நீ உற்றுப் பார்த்துவிட்டு, "நெறைய புள்ளி இருக்கு சார்" என்றாயாம். சிவப்பும் பச்சையும் உன் கண்ணுக்கு ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் உனக்கே தெரிந்தது. விமானி ஆக முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீ அப்பாவின் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்தாய். பெயின்ட் டப்பாவை மூடியிலுள்ள எழுத்தைப் படித்துத்தான் எடுத்துக் கொடுப்பாய்.

அந்தக் கதையை நீ சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். ஆனால் சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பாய், ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. "கண்ணு கெடக்கட்டும் மக்கா. மத்தபடி நான் ஓட்டுனா நிப்பேனா?" விமானி ஆகியிருக்க முடியுமா என்றல்ல, அதற்குத் தகுதி உள்ளவன்தானா என்று. அது மட்டும்தான் உனக்குத் தெரிய வேண்டியிருந்தது. எனக்கு என்ன தெரியும்? நான் சிமுலேட்டர்ப் பெட்டிக்கு எண்ணெய் போடுகிறவன்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த காலத்தில்தான் நம் சண்டை தொடங்கியது. எல்லார் வீட்டிலும் இருந்தது பெரிய கம்பெனி ஒன்றின் சிமுலேட்டர். உலகத்து விமான நிலையம் எல்லாம் அதில் உண்டு. மேகம் உண்டு, அஸ்தமனம் உண்டு, நகரத்து விளக்குகள் உண்டு. அதற்கு 'அழகி' என்று நீ பேர் வைத்தாய். மற்றது யாரோ ஒரு தனி ஆள் உட்கார்ந்து எழுதியதாகச் சொல்வார்கள். பார்க்கச் சகிக்காது. பச்சையாக ஒரு தரை, நீலமாக ஒரு வானம், நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, அதுதான் ஓடுபாதை. அதற்கு 'கணக்கன்' என்று நான் பேர் வைத்தேன். உனக்கு அழகி, எனக்குக் கணக்கன்.

அழகி மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுகிறவள் என்பது என் கட்சி. நிஜ விமானம் இந்த வேகத்தில் இப்படி நடந்துகொள்ளும் என்று அட்டவணை போட்டு உள்ளே வைத்திருப்பார்கள், அவள் அதைப் பார்த்து ஒப்பிப்பாள். பாடத்துக்குள் இருக்கும்வரை அச்சுப் பிசகாது. பாடத்துக்கு வெளியே கேள்வி கேட்டால் முழிப்பாள். வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய் இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் போகிற இடத்தில், நிஜ விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து விழும். அழகி மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி மரியாதையாகத் தலையாட்டுவாள். கணக்கன் அப்படி இல்லை. இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் காற்று என்ன செய்கிறது என்று அப்போதைக்கப்போது வழி போட்டுப் பார்ப்பான். விடை சில சமயம் தப்பாக வரும். ஆனால் விழ வேண்டிய இடத்தில் விழுவான்.

"விழுறதுக்கா மக்கா இருக்கேன்? பறக்கதுக்குல்லா இருக்கேன்" என்பாய் நீ. பறக்கிறவனுக்குக் கீழே ஊர் தெரிய வேண்டும், கடல் தெரிய வேண்டும், எங்கே இறங்குகிறோம் என்று தெரிய வேண்டும். வெறும் பச்சைத் தரையில் எவன் இறங்குவான் என்பது உன் கட்சி.

நம்முடைய பரீட்சை எப்போதும் ஒன்றே. எந்தச் சிமுலேட்டர் வந்தாலும், எந்தப் புதிய பதிப்பு வந்தாலும், திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பிக் கடலுக்கு மேலே இடப்பக்கம் திரும்பி, கோவளம்வரை கரையோரமாகப் போய், மறுபடி இடப்பக்கம் திரும்பி, கரமனையாறு கடலில் சேரும் இடத்தைத் தாண்டி வந்து இறங்குவது. பக்கவாட்டில் இடவப்பாதியின் தென்மேற்கு மழைக்காற்று வைக்க வேண்டும். அதில் தேறினால்தான் நாம் மதிப்போம். பாதி இறக்கத்தில் லோட் ஷெட்டிங் வந்து எல்லாம் அணைந்துபோகும். இருட்டில் உன் குரல் மட்டும் கேட்கும்: "எஞ்சின் ரெண்டும் போச்சு. யாத்ரக்காரெல்லாம் மெழுகுதிரி கொளுத்தணும்." கீழேயிருந்து உன் மனைவி மெழுகுவர்த்தியோடு ஏறி வருவாள்.

மூன்றாவதாக ஒன்று என் பள்ளியில் இருந்தது. வெளிநாட்டில் யாரோ பயன்படுத்தித் தள்ளிய பழைய பயிற்சிப் பெட்டி. உள்ளே ஒரு விமானி உட்காரலாம், முன்னால் நிஜமான ஊசிக் கருவிகள், அடியில் ஆட்டும் கால்கள். ஜன்னலுக்கெல்லாம் பால் நிறத்தில் கண்ணாடி. வெளியே ஒன்றும் தெரியாது, எப்போதும் மேகத்துக்குள் போகிற கணக்கு. ஆள் ஏறினால் பெட்டி சாயும், குலுங்கும், திரும்பும். அதற்குப் 'பல்லக்கு' என்று பேர் வைத்ததும் நீதான். அதில் உட்காரும் நேரம் மட்டும்தான் பயிற்சி நேரமாகக் கணக்கில் ஏறும். வீட்டில் நீ வருடக்கணக்காகப் பறந்தாலும் அது விளையாட்டு.

"ஒண்ணுக்குக் கண்ணு, ஒண்ணுக்குப் புத்தி, மத்ததுக்கு உடம்பு" என்று ஒரு நாள் கடையில் கதவுத் தாழ்ப்பாளைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னாய். "மூணையும் ஒண்ணா வச்சு எவனாவது உண்டாக்குனாம்னா, நான் கடைய மூடிட்டு அதுக்குள்ளயே இருந்துருவேன், கேட்டியா." இப்போது அதுபோல உண்டாக்கிவிட்டார்கள். பெரிய நகரங்களில், ஆறு கால்களில் நின்று ஆடும் அறைகள், சுற்றிலும் திரை, தூரத்து விளக்குகூடத் தெரியும். நான் போய் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. உனக்குப் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

அழகிக்குள் நம் ஊர் சரியாக இல்லை என்பது உனக்குப் பெரிய குறை. ஓடுபாதை இருக்கும், சுற்றிலும் யாருடையதோ ஒரு பொட்டல் இருக்கும். ஊரைச் செய்து சேர்ப்பதற்கு ஒரு மென்பொருள் எங்கிருந்தோ பிடித்து வந்தாய். கடையடைப்பு நாட்களெல்லாம் அதற்குத்தான். கரையை நேராக்கினாய். ஆற்றை வரைந்தாய். கோட்டையும் சாலைக் கடைத்தெருவும் வந்தன. சாலையில் ஒரே ஒரு கட்டடம் மற்றதைவிடப் பெரிதாக இருந்தது, அது உன் கடை. கடைசியாக ஓடுபாதைக்குத் தெற்கே தென்னந்தோப்புகளை நிரப்பினாய். எல்லாம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பறந்து காட்டினாய்.

தென்னைகளெல்லாம் சிவப்பாக இருந்தன. செங்கல் சிவப்பு. ஓட்டு வீடுகளின் கூரைகள் பாசி பிடித்ததுபோலப் பச்சை. அந்தச் சிவப்புத் தோப்பின் மேலே நீ அலுங்காமல் வந்து இறங்கினாய். இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாய்.

"எப்பிடி? கலரு செரியா இருக்கா?"

"செரியா இருக்குடே" என்றேன்.

"சத்தியமா?"

"நம்ம ஊரே தான்."

அப்போது உன் முகத்தைப் பார்த்த யாரும் வேறு பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளியில் புதிதாக ஒரு பயிற்சி அறை போடும் பேச்சு வந்தது. எங்கள் தலைமைப் பயிற்சியாளரான கேப்டன், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் சிமுலேட்டர்கள் பயிற்சிக்கு உதவுமா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் உன்னிடம் வந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க நாம் இரண்டையும் அலசினோம். ஊசி பார்த்துப் பறக்கப் பழக இரண்டுமே போதும். விழும் நிலையிலிருந்து மீளக் கற்றுக்கொடுக்கக் கணக்கன்தான். வழி பார்த்துப் போக அழகிதான். எது வாங்கினாலும் கைப்பிடியும் பெடலும் கனமாக இருக்க வேண்டும், விளையாட்டுக் குச்சி கையைக் கெடுத்துவிடும். இந்தக் கடைசி விஷயம் உன்னுடையது. கேப்டன் நம்பவில்லை. "இது குட்டிகள்டெ களிப்பாட்டமல்லே எடோ?" என்றார், குழந்தைகள் விளையாட்டுச் சாமானாயிற்றே என்று. நேரில் வந்து பாருங்கள் சார் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்மையாகவே வந்துவிட்டார். உன் மாடிப்படியில் குனிந்து ஏறி, பிவிசி குழாய்க் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து, சேனலை இழுத்துப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்தார். உன்னை ஓட்டச் சொன்னார். நீ கிளம்பி, திரும்பி, கோவளத்துக்கு மேலே வந்தாய். அங்கே அவர் தானே கைநீட்டிக் காற்றை இன்னும் பலமாக்கினார். நீ மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பி, நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து வந்து, கடைசி நிமிடத்தில் நேராக்கி இறக்கினாய்.

"எத்ர மணிக்கூர் பறந்நிட்டுண்டு?" என்று கேட்டார். எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறாய் என்று.

"ஒண்ணும் இல்ல சார். வண்டியில யாத்ர போயிட்டுண்டு, அவ்வளவுதான்."

"கண்டா தோணூல்லா" என்றார். பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

உன் காது சிவந்துவிட்டது. உனக்கு அது பச்சையாகத் தெரிந்திருக்கும் என்று பிறகு நான் கேலி செய்தேன். ஆனால் அவர் எழுந்தபோது திரையைப் பார்த்து நின்றுவிட்டார். "அல்ல, தெங்கெல்லாம் எந்தா சுவந்நிரிக்கணே?" என்று தென்னையின் நிறத்தைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, "மானிட்டர் கேடு சார்" என்றேன். அடுத்த வாரம் போனபோது பார்த்தேன், மானிட்டரை மாற்றியிருந்தாய். தென்னைகள் புது மானிட்டரிலும் சிவப்பாகத்தான் இருந்தன. நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பள்ளி கடைசியில் இரண்டையும் வாங்கவில்லை. பயிற்சி நேரமாகக் கணக்கில் ஏறும் அங்கீகாரம் பெற்ற ஒன்றைத்தான் வாங்கினார்கள். நாம் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படித்துவிட்டுக் கேப்டன் சொன்னது வேறு: "ஆ ஆளெ பல்லக்கில் ஒந்நு கேற்றி நோக்கு." உன்னை அந்தப் பெட்டியில் ஏற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டார். பல்லக்கு என்ற பேர் அதற்குள் பள்ளி முழுக்கப் பரவியிருந்தது.

விடுமுறை நாள் ஒன்றில் நீ குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தாய். பெண் பார்க்க வந்தவன் மாதிரி இருந்தாய். பெட்டியில் ஏற்றிக் கதவை மூடினேன். வெளியே என் மேசைமேல் வரைபடத்தில், பெட்டி போகும் வழியை மையால் கீறிக்கொண்டே ஊரும் சின்னச் சக்கரவண்டி. அதையும் நண்டு என்றுதான் எல்லாரும் சொல்வோம். முதலில் நண்டு நேராகப் போனது. பிறகு இடப்பக்கம் லேசாக வளைந்தது. வளைவு இறுகியது. வட்டமானது. ஒன்றுக்குள் ஒன்றாகச் சின்ன வட்டங்கள் ஆயின. பெட்டிக்குள் உன் உயர ஊசி இறங்கிக்கொண்டே இருந்தது. நான் நிறுத்திக் கதவைத் திறந்தபோது உன் சட்டை தெப்பமாக நனைந்திருந்தது.

"நான் நேராட்டுதான் போனேன்" என்றாய். "எனக்க உடம்பு நேருண்ணுதான் சொல்லிச்சு."

அதுதான் பெட்டியின் வேலை. திருப்பத்தைத் தொடங்கும்போது உடம்புக்கு உறைக்கும்படி சாய்க்கும். பிறகு மெல்ல மெல்ல, உடம்புக்குத் தெரியாத வேகத்தில், நிமிர்ந்துவிடும். உடம்பு திருப்பம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். ஊசி மட்டும் இன்னும் திரும்புகிறாய் என்று காட்டிக்கொண்டிருக்கும். வீட்டு நாற்காலி அசையாதது. அதில் பறந்து பழகிய உனக்கு உடம்போடு சண்டை போடும் அவசியமே வந்ததில்லை. பெட்டியில் ஏற்றும் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் பாடத்தை உனக்கும் சொன்னேன். உடம்பு பொய் சொல்லும், ஊசி சொல்லாது.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். நீ அடுத்த விடுமுறைக்கும் வந்தாய். அதற்கடுத்ததற்கும் வந்தாய். ஒரு நாள் நண்டு மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அடிக்கோல் வைத்ததுபோல ஒரு கோடு போட்டது. கதவைத் திறந்ததும், "நிப்பேன்லா?" என்று கேட்டாய். "நிப்படே" என்றேன். அந்தப் பதிலை என்னால் சொல்ல முடிந்த நாள் அது. திரும்பும் வழியில் ரசவடை வாங்கித் தந்தாய்.

அதன்பிறகு அந்த வாக்கியம் உன் வாயை விட்டுப் போகவே இல்லை. கடையில் யாராவது அலமாரிப் பலகை சாய்ந்திருப்பதுபோல் தெரிகிறதே என்றால், ரசமட்டத்தை எடுத்து அதன்மேல் வைப்பாய். குமிழ் நடுவில் நிற்கும். "உடம்பு பொய் சொல்லும் அண்ணாச்சி, இது சொல்லாது" என்பாய். உனக்குக் காய்ச்சல் என்று மனைவி சொன்னால் தெர்மாமீட்டரைக் கொண்டுவா என்பாய். அது இல்லை என்றால் இல்லைதான்.

மார்பில் ஏதோ இறுக்கிப் பிடிக்கிறது என்று நீ சொன்னது கடையின் பரணிலிருந்து இறங்கிய ஒரு நாள். ஏணிப்படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாய். போய்க் காட்டுடே என்று நான்தான் துரத்தினேன். போய்க் காட்டினாய். மாலையில் நான் கடைக்கு வந்தபோது நீ கல்லாவில் உட்கார்ந்து சிரித்தாய். இசிஜி எடுத்திருந்தார்கள்.

"ஊசி எல்லாம் நடுவுல ஆக்கும். பிரஷர் நார்மல், கோடும் நார்மல். ஓடவிட்டு ஒரு டெஸ்ட் எடுக்கணும், பொறவு வாண்ணு டாக்டர் சொன்னாரு. எதுக்கு?"

"இப்ப வலி இருக்கா?"

"இருக்கு. பொய் சொல்லுது."

நானும் சிரித்தேன். நம் சிரிப்புதான் அது, வேறு யாருக்கும் புரியாது. அந்த ஓட்டப் பரிசோதனைக்கு நீ போகவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். நான் வந்தபோது ஷட்டர் பாதியில் நின்றுகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம், எல்லாம் முடிந்து குளித்துவிட்டு, நான் என்னை ஒரு தடவை சோதித்துப் பார்த்தேன். நாடி சரியாக இருந்தது. கை நடுங்கவில்லை. பசித்தது. ஊசியெல்லாம் நடுவில். மறுநாளும் அப்படித்தான், அடுத்த மாதமும் அப்படித்தான். என்னைப் பார்க்கிறவர்களும் நான் நேராகத்தான் போகிறேன் என்றார்கள். மாணவர்களுக்கு அந்த முதல் பாடத்தை இன்றைக்கும் சொல்கிறேன். மேகத்துக்குள் போகிறவனுக்கு அது உயிர். மாற்றிச் சொல்ல முடியாது. சொல்லி முடித்ததும் தண்ணீர் குடிப்பேன்.

இன்று வாஷரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் கரமனை பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. உன் மனைவி வாசலைத் திறந்து, "அண்ணாச்சியா, வாங்க" என்றாள். காப்பி கொடுத்தாள். மாடியறை அப்படியே இருக்கிறது என்றாள். உன் கைப்பிடியின் மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தியிருந்தாள். கம்ப்யூட்டர் இரண்டு தடவை முரண்டு பிடித்துவிட்டு ஓடத் தொடங்கியது. அழகி வந்தாள். திருவனந்தபுரம் வந்தது, நீ செய்த ஊர்.

இப்போதைய பதிப்புகளில் வானத்திலிருந்து எடுத்த படத்தையே தரையாக விரித்துவிடுகிறார்கள். எந்த மரமும் அதன் நிறத்தில் இருக்கிறது. வீட்டில் பழக எதை வாங்கலாம் என்று மாணவர்கள் கேட்டால் அதைத்தான் சொல்கிறேன். உன் பதிப்பு அவற்றின் பக்கத்தில் குழந்தை கிறுக்கிய படம்.

பின்னால் நின்ற உன் மனைவி திரையைப் பார்த்துவிட்டு, "இதையா நீங்க செரியா இருக்குண்ணு சொன்னிய?" என்றாள்.

நான் திரும்பினேன்.

"எங்கிட்ட கேட்டாவ, அந்த சார் வந்துட்டுப் போன அன்னைக்கு. தெங்கு என்ன கலருண்ணு. நான் உள்ளதச் சொன்னேன், செவப்புண்ணு. மாத்தட்டா, திரையில எந்த டப்பா பச்சைண்ணு காட்டித் தாறேன்னும் சொன்னேன். வேண்டாண்ணுட்டாவ." அவள் வேட்டியை மடித்துக்கொண்டே பேசினாள். "'அவன் செரியா இருக்குண்ணு சொன்னாம்லா. அப்ப செரிதான், இருக்கட்டு'ண்ணாவ."

அதைச் சொல்லிவிட்டு அவள் அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகக் கீழே போய்விட்டாள்.

அப்படியானால் மானிட்டரை மாற்றியது எதற்காக? என்னுடைய பொய் அடுத்தவர் முன்னால் பொய்யாகிவிடக் கூடாது என்றா? ஊசியை மட்டும் நம்புகிறவன் என்று உன்னை நினைத்திருந்தேன். என்னையும் நம்பியிருக்கிறாய். தெரிந்தே நம்பியிருக்கிறாய்.

கிளம்பினேன். கடலுக்கு மேலே இடப்பக்கம் திரும்பினேன். கோவளம்வரை கரையோரமாகப் போய், மறுபடி திரும்பி, ஆறு கடலில் சேரும் இடத்தைத் தாண்டினேன். கிரீஸ் காய்ந்து சேனல் கொஞ்சம் பிடித்துப் பிடித்து வந்தது. வேகம் சரி, உயரம் சரி, இறக்கை மட்டம். தோப்பு வந்தது, உன் செங்கல் சிவப்புத் தென்னைகள், அடியில் பச்சைக் கூரைகள். ஓடுபாதையின் முனை திரையில் ஏறி வந்தபோது என் உடம்பு சட்டென்று கீழே போனது. நாற்காலி அசையவே இல்லை, அதன் நான்கு கால்களும் உன் வீட்டுத் தரையில்தான் இருந்தன. நான் விழுந்துகொண்டிருந்தேன். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கீழே அடுக்களைவரை அது கேட்டிருக்க வேண்டும். உன் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

இந்தத் தடவை நான் ஊசியைப் பார்க்கவில்லை, மக்கா.